குழந்தைகளைக் கணக்கெடுத்த அம்மையார்

1903ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காய் வண்டு பயிரை அழித்து வந்தது. சேதத்தைப் பார்வையிட வேளாண்மை அமைச்சரே புறப்பட்டார். இச்செய்தியை நியூயார்க் நகரில் நாளிதழில் படித்தார் லில்லியன் வால்டு என்னும் செவிலியர். பருத்தியைக் காக்க அரசுத் துறை உண்டு. பன்றியைக் காக்கவும் உண்டு. மடிகின்ற குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை? இக்கேள்வியை அவரும் அவர் தோழியர் சிலரும் விடவில்லை. ஒன்பது ஆண்டுகள் போராடிய பின், 1912 ஏப்ரல் 9ஆம் நாள் குழந்தைகள் நலச் செயலகம் சட்டப்படி அமைந்தது. அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் ஜூலியா லேத்ரப் அம்மையார். அந்நாட்டு மத்திய அரசின் செயலகம் ஒன்றுக்குப் பெண்ணொருவர் தலைமை ஏற்றது அதுவே முதன்முறை.

அம்மையார் 1858இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் பிறந்தவர். 1880இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சிகாகோ சேரிப்பகுதியில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் இல்லத்தில் சேர்ந்தார். 1893இல் மாநில அறநிலைய வாரியத்தில் உறுப்பினரானதும், 102 மாவட்டங்களின் ஏழையர் விடுதிகளையும் நேரில் சென்று பார்த்தார். முதியோர், நோயாளர், மனநலம் குன்றியோர் இவர்களோடு குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டுக் கிடந்தனர். குற்றம் செய்த சிறுவர்களோ பெரியவர்களோடு சிறையில் இருந்தனர். இதை மாற்ற அவர் வழக்கறிஞர்களைத் துணைக்கு அழைத்தார். 1899இல் சிகாகோவில் அந்நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியது. வேடிக்கை என்னவென்றால், சிறுவர்களைக் கண்காணிக்கும் அலுவலர்களுக்குச் சம்பளம் தர அச்சட்டத்தில் வழியில்லை! மாதர் சங்கங்களே பணம் திரட்டித் தந்தன.

குழந்தைகள் இருக்கும் நிலையங்களில் யாரை வேலைக்கு அமர்த்துகிறோம் என்பதில்தான் அவர்களது பாதுகாப்பு இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். கட்சிக்காரர்களுக்கு அப்பதவிகள் வழங்கப்பட்டபோது, 1901இல் வாரியத்திலிருந்து விலகினார். பதவியை விட்டுக் கொடுத்துக் கொள்கையைக் காத்த செயல் இது. எனினும் 1905இல் மீண்டும் அங்கே வந்து பணியாற்றவே செய்தார்.

வாஷிங்டனில் அவருக்குக் கிடைத்தவை 15 பணியாளர்களும், ஆண்டுக்கு இருபத்தையாயிரம் டாலர் சொச்சமும்தான். அதிகாரமும் குறைவு. குடும்பத் தலைவர் மறுத்தால் செயலகத்தார் எவரும் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சட்டமே கூறியது. அரசு தம் வீட்டில் தலையிடும் என்ற அச்சம் மக்களிடம் இருந்தது; அந்த அச்சம் நியாயமானதே. அம்மையார் இதைத் தடையாகக் கருதவில்லை. 1913இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை ஊரில் பெண் அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று, இசைந்த தாய்மார்களிடம் பேசினர். 1911இல் பிறந்த குழந்தைகள் பிழைத்தனவா, தந்தையின் ஊதியம் எவ்வளவு, வீட்டில் குழாய் உண்டா என்று கேட்டனர். வருவாய் மிகக் குறைந்த வீடுகளில் குழந்தைச் சாவு மற்ற வீடுகளைவிட மிகுந்திருந்தது. தாயின் அறியாமையே காரணம் என்று பேசிவந்தவர்களுக்கு இது நல்ல பதில்.

பிறப்புப் பதிவை அவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது 1917இல் விளங்கிற்று. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்துவதைத் தடுக்க முனைந்தது. ஆனால் இந்தச் சிறுவனுக்கு வயது என்ன? பல மாநிலங்களில் பிறப்புச் சான்றே கிடையாது. கிரேஸ் ஆபட் அம்மையாரின் தலைமையில் அலுவலர்கள் குடும்ப விவிலியத்தில் எழுதிவைத்த பிறந்த நாளைத் தேடினர். காப்பீட்டுத் தாள்களைப் புரட்டினர். வயதை மெய்ப்பிக்காமல் சட்டம் எப்படிக் காக்கும்? ஒன்பது மாதம் ஓடியது. 1918 ஜூன் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தையே செல்லாதென்றது. சிறுவர்கள் ஆலைக்குத் திரும்பினர்.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. தாய் சேய் நலத்திற்கு மத்திய அரசு நிதியளிக்கும் ஷெப்பர்டு–டௌனர் சட்டத்துக்காக உழைத்தார். 1921இல் அது நிறைவேறியது. அவ்வாண்டே கிரேஸ் ஆபட்டிடம் பொறுப்பை ஒப்படைத்து விலகினார். 1932 ஏப்ரலில் தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் பிறப்புப் பதிவுத் திட்டத்துக்குள் வந்தது 1933இல். சிறார் உழைப்பைத் தடுக்கும் புதிய சட்டம் 1938இல் வந்தது. 1918இல் தான் அளித்த தீர்ப்பை 1941இல் உச்சநீதிமன்றமே மாற்றிக்கொண்டது.