மண்ணில் மருந்து தேடிய சுப்பாராவ்!

முகப்பருவுக்கு ஸ்கின் டாக்டர் எழுதித் தர்ற டாக்ஸிசைக்ளின் தெரியும்தானே? அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, ஒரு பிடி மண்ணில் கிடைத்தது. தேடிய குழுவின் தலைவர், நம்ம சென்னையில் டாக்டருக்குப் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ் கிடைக்கலை, எல்.எம்.எஸ்-தான். பிறகு பாஸ்டன் போனார். ஹார்வர்டில் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தும் வேலை நிரந்தரமாகலை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

அங்கே பல ஊர் மண்ணை வரவழைத்து அலசியது அவர் குழு. மிசௌரி வயல் மண்ணில், 70 வயதைத் தாண்டிய பெஞ்சமின் டகர் பொன்னிற நுண்ணுயிரியைக் கண்டெடுத்தார். 1948-ல் ஆரியோமைசின் வெளிவந்தது. அதே வருடம், 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார்.

ஜவளகிரி காட்டில் முதல் மழைக்கு எழும் மண்வாசம் இருக்கே, அதுக்கும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம்தான் முக்கியக் காரணம். லேபில் வளர்த்தால் இவை காட்டாத மருந்துகளின் செய்முறையும் மரபணுவில் ஒளிந்திருக்கும். அதைப் படிப்பதுதான் இன்றைய 'ஓமிக்ஸ்'. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிட்டதால் இந்தத் தேடல் அவசரம். அதனால, டாக்டர் எழுதாம ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீங்க!