மரியன் ரெயெவ்ஸ்கி: மறைபொருள் கண்ட கணித மாணவர்

மாணவப் பருவத்திற் கேட்கும் ஒரு விரிவுரை பிற்காலத்தில் எத்தகைய பயனைத் தருமென்று அதனைக் கேட்போரும் அறியார், கற்பிப்போரும் அறியார். போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கியின் வாழ்க்கை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

அவர் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆந் திகதி பிட்கோஷ் நகரிற் பிறந்தார். அந்நகர் அப்போது ஜேர்மனியரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் ஜேர்மன் மொழி இளமையிலேயே அவருக்குக் கைவந்தது. போலந்து விடுதலை பெற்றபின் பொஸ்னான் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றார். 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜேர்மன் மொழி அறிந்த கணித மாணவர் சிலர் அங்கே தெரிந்தெடுக்கப்பட்டனர். இரகசியங் காப்பதாக அவர்களிடம் உறுதி பெறப்பட்டது. போலந்துப் படையின் சங்கேதலிபிப் பிரிவினர் மாலை வேளைகளில் வந்து, மறைத்தெழுதிய செய்திகளைப் படித்தறியுங் கலையின் முதற் பாடங்களை அவர்களுக்குக் கற்பித்தனர். மொழியறிஞர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அக்கலையைக் கணித மாணவர்க்குப் புகட்டத் துணிந்தமை அவர்தம் தீர்க்கதரிசனமாகும்.

1932இல் ரெயெவ்ஸ்கியும், அவ்வகுப்பிற் பயின்ற ஸிகால்ஸ்கி, ரூஷிட்ஸ்கி என்னும் இருவரும் வார்சோவிற் பணியேற்றனர். ஜேர்மன் படையினர் வழங்கிய எனிக்மா யந்திரம், எவராலும் வெல்ல முடியாததென எண்ணப்பட்டது. அதனை இயக்குவோர் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் மூன்றெழுத்துத் திறவுகோலொன்றை இருமுறை மறைத்தெழுதி அனுப்பினர். ஆகவே முதலாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாயின. இச்சிறு தொடர்பைப் பற்றிக்கொண்டு, வரிசைமாற்றக் கொள்கையின் துணையுடனும், பிரான்சு நாட்டார் உதவிய பத்திரங்களின் துணையுடனும், யந்திரத்தைக் காணாமலே அதன் உள்ளிணைப்புக்களை அவ்வாண்டு டிசம்பரில் அவர் கணித்தறிந்தார். 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில், போர் மூளுவதற்குச் சில வாரங்கட்கு முன்னர், போலந்து தன் கண்டுபிடிப்பு முழுவதையும் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வழங்கியது. பின்னர் பிரித்தானியர் பெற்ற பெருவெற்றிக்கு இதுவே அடிப்படை.

ஆயினும் அவரை எதிர்கொண்டது துன்பமே. நாடிழந்து ருமேனியா வழியாகப் பிரான்சை அடைந்தார். 1942இல் ரூஷிட்ஸ்கி கப்பலுடன் கடலில் மூழ்கி மாண்டார். ரெயெவ்ஸ்கி பிரனீசு மலைகளைக் கடந்து, ஸ்பெயினிற் சிறையிருந்து, 1943இல் இங்கிலாந்தை அடைந்தார். அங்கே எனிக்மாப் பணியில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1946இல் மனைவி மக்களிடம் மீண்டார். அடுத்த ஆண்டிலேயே இளம்பிள்ளை வாதம் மகனைக் கவர்ந்தது. அரசின் உளவுத்துறையினரது ஐயத்துக்கும் ஆளானார். பல்கலைக்கழகம் புகாது, தொழில் நிறுவனங்களிற் சாதாரண உத்தியோகம் வகித்து 1967இல் இளைப்பாறினார்.

மாணவப் பருவத்தில் அளித்த உறுதியை அவர் மறந்தாரல்லர். தாம் ஆற்றிய அருஞ்செயலை நெடுங்காலம் வெளியிடாது மௌனங் காத்தார். 1970களிலேயே உலகம் அதனை அறியத் தொடங்கிற்று. 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி வார்சோவிற் காலமானார். மூவரும் பயின்ற பொஸ்னான் நகரில் 2007இல் அவர்கட்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

வரிசைமாற்றத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கும் ஆசிரியர், தம் முன்னமர்ந்திருப்போருள் யார் எதற்குப் பயன்படுவாரென அறியார். ஆதலின் பயன் தெரியாத பாடமென்று எதனையும் நாம் புறக்கணித்தல் தகாது.