மருத்துவத்துக்குக் கணக்குக் கற்பித்த பொருளியலாளர்

மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டால், மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தமனி ஒன்றை உள்ளே உள்ளதோடு இணைத்துப் பக்கவாதத்தைத் தடுத்துவிடலாம் என்று 1970-களில் அறுவை மருத்துவர்கள் பலர் உறுதியாக நம்பினர். கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பார்னெட் தலைமையில் 1,377 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 1985-இல் வெளிவந்தது. இணைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. நம்பிக்கையையும் உண்மையையும் பிரித்துக்காட்டிய அந்த ஆய்வுமுறையை மருத்துவ உலகில் வேரூன்றச் செய்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவர் மருத்துவர் அல்லர், பொருளியல் பட்டதாரி.

1897-இல் லண்டனில், உடலியங்கியல் அறிஞர் லியோனார்டு ஹில்லின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் வழியில் மருத்துவம் பயிலவே விரும்பினார். முதல் உலகப் போரில் கடற்படை விமானியாகச் சென்றவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. படுக்கையில் கிடந்த ஆண்டுகள் மருத்துவப் படிப்பைப் பறித்தன. அஞ்சல்வழியில் படித்து 1922-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றார். பிறகு கார்ல் பியர்சனிடம் புள்ளியியல் கேட்டார். எங்கள் துறை இழந்த ஒருவரால் மருத்துவம் செழித்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை. அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைச் சிறிதளவே வாங்க முடிந்தது. கிடைத்ததை யாருக்குக் கொடுப்பது? பற்றாக்குறைப் பொருளின் பங்கீடு பொருளியலின் ஆதிக் கேள்வி. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லாதபோது, குலுக்கல் முறையில் பிரித்து மருந்தின் பயனை அறிவதே நேர்மை என்று ஹில் வாதிட்டார். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானித்தன; அந்த முடிவு, ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்கும் மருத்துவரின் இரக்கமோ விருப்பமோ அதில் நுழைய முடியாது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் அவை எந்தப் பிரிவினருடையவை என்று தெரியாது.

1948-இல் முடிவு வெளியானது. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதுகூடப் பின்னவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது, தரவும் கூடாது.

ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் நிறுவியதே அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1961-இல் சர் பட்டம் கிடைத்தது. எனினும் அந்த ஒட்டிய உறைகளின் பயணமே நெடியது. 1950-களின் பிற்பகுதியில் அது சென்னைக்கும் வந்தது. காசநோயாளிகளைச் சமவாய்ப்பில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வீட்டுச் சிகிச்சையின் பலன் ஏறத்தாழ இணையாகவே இருந்தது. படுக்கைகளுக்குப் பணமில்லாத ஒரு நாட்டுக்கு அந்த முடிவின் மதிப்பை எந்த வரவு-செலவுத் திட்டமும் பதிவு செய்யவில்லை.

இளமையில் காசநோயிலிருந்து மீண்ட ஹில், தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்து 1991-இல் மறைந்தார்.