மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

பெரியகுளத்துப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய மலைப்பாதையை நம் பகுதியினர் அறிவர். 1845ஆம் ஆண்டில் அம்மலைமேல் வீடு கட்டிக் கோடையைக் கழிக்கத் தொடங்கியவர்கள் மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிமார். சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரைப் பலிகொடுத்த துயரமே அவர்களை மேலே ஏறவைத்தது. அந்த மதுரை மிஷனுக்குத் தாய்வீடு யாழ்ப்பாணமாகும். 1834இல் அங்கிருந்துதான் அவர்கள் கடல் கடந்து மதுரைக்கு வந்தனர். மலைமேல் முதல் வீடுகள் எழும்பிய இரண்டாண்டுகளுக்குப் பின் அத்தாய்வீட்டுக்கு வந்துசேர்ந்த ஓர் இளம் மருத்துவரின் வாழ்வே இக்கட்டுரையின் பொருள். ஆப்பிரிக்கக் காட்டில், லாம்பரீனேயில், 1913இல் மருத்துவமனை தொடங்கிய ஆல்பர்ட் ஷ்வைட்சரை நம்மில் பலர் அறிவர். அவருக்கு அறுபத்தாறு ஆண்டுகள் முன்னரே தமிழ்க் கிராமங்களுக்கு வந்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவரைத் தமிழ் முதுகலை மாணவர்கூட அரிதாகவே அறிந்திருக்கின்றனர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். வசதியும் கல்வியும் உள்ள குடும்பம். இளமையிலேயே தாயை இழந்தார். இவருக்கு இரண்டாண்டு மூத்தவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாக்கத்திலும், 1898இல் அந்நகரின் பல பகுதிகள் ஒரே மாநகராக இணைந்ததிலும் பெரும்பங்கு ஆற்றியவர். தமையன் உலகின் பெருநகர் ஒன்றுக்கு உருவம் தந்தார். தம்பி பனந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூருக்கு வந்தார்.

நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறினார். ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை செய்யலாம் என்பது அதே பாஸ்டனில் மெய்ப்பிக்கப்பட்டு அப்போது ஆறு மாதமே ஆகியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 முதல் மானிப்பாயிலும் தங்கினார். அமெரிக்க மிஷன் மருத்துவருள் இவர் முதல்வர் அல்லர். 1819இல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் பணிசெய்தவர் ஜான் ஸ்கடர். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. நாதன் வார்டு என்பவர் வட்டுக்கோட்டையில் மருத்துவம் பார்த்ததோடு மாணவர் சிலருக்கு அதனைக் கற்பித்தும் வந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து கிறீன் தொடர்ந்தார்.

மானிப்பாயில் அவருடைய நாள் மூன்று வேலைகளால் ஆனது: நோயாளரைப் பார்ப்பது, மாணவருக்குக் கற்பிப்பது, நூல் செய்வது. சுற்றூர்களிலிருந்து நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தவர்கள் மருந்தகத்தில் கூடினர். காத்திருந்தோருக்கு வேதாகமம் வாசிக்கப்பட்டது. ஆறாத இரணங்கள், கட்டிகள், கண்நோய்கள், முறிந்த எலும்புகள் ஆகியன வந்தன. மாணவர்கள் உடனிருந்து பார்த்தும் கைதந்தும் பழகினர். நாட்டு வைத்தியம் கைவிட்ட பிறகே பலர் இவரைத் தேடினர்; பேறுகாலத்திலோ நிலைமை முற்றிய பின்னரே ஓர் அந்நிய ஆடவனை வீட்டுக்குள் விட்டனர். அவர் தமிழில் வெளிக்கொணர்ந்த தொடக்க நூல்களுள் ஒன்று பிரசவ வைத்தியமாக அமைந்ததற்கு இவ்வனுபவம் காரணமாயிருக்கலாம் என்று கருதுகிறேன்.

அக்காலத்து மருத்துவ அறிவின் எல்லையையும் நினைவில் கொள்ள வேண்டும். புண் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். அதுவரை கத்தி பட்ட உடம்பு பிழைப்பது பாதி நல்லூழே. 1866, 1867 ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியபோது அதன் கிருமியை மருத்துவ உலகம் இனங்கண்டு ஒப்புக்கொண்டிருக்கவில்லை. ராபர்ட் கோக் அதனை நிறுவியது 1884இல். கிறீன் மறைந்த ஆண்டும் அதுவே.

கிறீனின் நோக்கத்தை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. அவர் சமயம் பரப்ப வந்தவர். மருந்து அவருக்குக் கதவு. உள்ளே கொண்டுசெல்ல விரும்பியது கிறித்துவ நம்பிக்கை. அவர் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த 1848இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் பரப்ப வந்ததை மற்றவர் தடுத்து நின்றார். எனினும் இருவர் கைக்கும் கருவி ஒன்றே: அச்சேறிய தமிழ் உரைநடை. ஒருவரை ஏற்போர் மற்றவரை ஒதுக்குவது நம் இலக்கிய வரலாறுகளில் வழக்கமாகிவிட்டது. ஒரே தீபகற்பத்தில், சில கல் தொலைவில், தமிழ் உரைநடை இருவேறு பணிகளுக்குப் பழக்கப்பட்டதை ஒருசேர வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். மாணவருள் பலர் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றவர்கள். 1823இல் தொடங்கிய அக்கல்லூரி சி. வை. தாமோதரம் பிள்ளை போன்றோரை உருவாக்கியது, 1855இல் மூடப்பட்டது. அங்கே கற்றவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்பது அமெரிக்கத் தலைமையின் மனக்குறை. அதே குறையைக் கிறீன் தம் மாணவரிடத்தும் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவன் ஊதியம் தரும் அரசுப் பணியை நாடி வெளியூர் போனான். அவனை ஈன்ற கிராமத்தில் வைத்தியன் இல்லை. இதற்குக் கிறீன் கண்ட விடை வியப்பானது. மாணவனைக் குறைசொல்லவில்லை; பயிற்றுமொழியை மாற்றினார். தமிழில் கற்றவன் தமிழர் நடுவிலேயே இருப்பான் என்று கணக்கிட்டார். அவன் மேனாட்டு உடையும் நடையும் கைக்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. கிறித்துவன் ஆனாலும் தமிழனாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

உடல்நலம் குன்றி 1857இல் தாயகம் சென்றவர், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து அவ்வாண்டே மானிப்பாய் திரும்பினார். 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்புத் தொடங்கியது. அவரிடம் பயின்று தேறியோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

வகுப்பு நடக்க நூல் வேண்டும். கட்டரின் உடலியல் நூல் 1850களிலேயே தமிழில் வந்திருந்தது. மான்செல் எழுதிய மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ என 1857இலும், துரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என 1867இலும் வெளிவந்தன. உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. மூலநூல் முதன்முதலாக வெளிவந்தது 1858இல் என்பதையும், பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழ் அதைப் பெற்றுவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணுக. அதே ஆண்டில் ‘வைத்தியாகரம்’, 1875இல் வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ எனத் தொடர்ந்தன. மொழிபெயர்ப்பில் சாப்மன், சுவாமிநாதன் முதலிய மாணவர் உழைத்தனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். சில நூல்கள் நாகர்கோவிலில் அச்சாயின.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட வரிசை ஆராய்ச்சிக்குரியது. முதலில் தமிழில் வழங்கும் சொல், இல்லையேல் வடசொல், அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வது. அங்காதிபாதம் நாட்டு வைத்திய மரபில் முன்பே வழங்கிய சொல்லாகும். ‘இரணம்’ என்பதற்கு விளக்கமே தேவையில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காட்டு வேலைக்குப் போய்வரும் பெண்கள் காலில் பட்ட காயத்தை இன்றும் ரணம் என்றே சொல்கின்றனர். பாடநூலின் சொல்லும் நோயாளியின் சொல்லும் ஒன்றாயிருக்கும்போது மருத்துவன் கேட்பது எளிதாகிறது. நோயாளி சொல்வதும் எளிதாகிறது. மறுபுறம் ‘சுகரணம்’ அன்றே எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும் என்ற ஐயமும் எழுகிறது. வடசொற் செறிவு அவர் நடையின் குறையே. ஆயினும் தனித்தமிழ் இயக்கம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன் எழுதியவரை அவ்வளவுகோலால் அளப்பது முறையன்று.

அறிவியல் தமிழ்த் தாளை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு: தமிழில் மருத்துவம் படித்தால் வேலை எங்கே கிடைக்கும், அம்மா? நியாயமான கேள்வி. கிறீனின் மாணவரும் இதைக் கேட்டிருப்பர். 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. அங்கே பெற்ற தகுதி அரசு ஊதியத்துக்கு வழி; மானிப்பாயில் பெற்றதோ கிராமத்துக்கு வழி. வேலை தருவோன் ஆங்கிலத்தில் இருக்க, பாடம் மட்டும் தமிழில் இருந்தால் எத்தனை நாள் நிற்கும்? நூல்கள் போதாமையால் அம்முயற்சி தளர்ந்தது என்று சிலர் எழுதுவது பொருந்தாது. நூல்கள் இருந்தன.

1873இல் கிறீன் இறுதியாக யாழ்ப்பாணத்தை விட்டார். பணி விடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்க் கைப்படிகளைப் பார்த்துத் திருத்தி அனுப்பினார். பனிபொழியும் ஊரில், தமிழ் வாசிக்க வேறு எவரும் அருகில் இல்லாத வீட்டில், இரத்த ஓட்டத்தையும் செரிமானத்தையும் தமிழில் விளக்கும் தாள்கள் அவர் மேசைமேல் கிடந்தன. ‘மனுஷ சுகரணம்’ அவ்வாறு முடிக்கப்பட்ட நூல். அது வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே 28இல், அவர் காலமானார். தமிழர்க்கு வந்த மருத்துவ ஊழியர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறே வூஸ்டரில் பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. மருத்துவமனை நிலைத்தது, கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயருடன் மானிப்பாயில் இன்றும் இருக்கிறது.