ஜார்ஜ் ஸைமன் ஓம்

மலையைக் குடைந்து பாதை அமைக்கும் இடங்களிலும், அணை எழுப்பும் இடங்களிலும் மண்வாரி இயந்திரங்கள் பெரும்பாரத்தை எளிதில் அள்ளி எறிவதைக் காண்கிறோம். அவற்றினுள்ளே சென்சார் எனப்படும் சிறு உணர்கருவிகள் பல அமைந்துள்ளன. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம், எண்ணெயின் அழுத்தம் முதலியவற்றை அவை மின்சாரத்தின் வாயிலாக இடைவிடாது அறிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று தவறான செய்தியைத் தருமாயின், மெக்கானிக் முதலில் கையிலெடுப்பது மின்தடையை அளக்கும் சிறு மீட்டரையே. அத்தடையின் அளவுக்கு ஓம் என்று பெயர். அது ஒரு பள்ளி ஆசிரியருடைய பெயர். அவர் சரித்திரம் மாணவர் அறியத்தக்கதாதலின் ஈண்டுச் சுருங்க வரைவோம்.

ஜார்ஜ் ஸைமன் ஓம் ஜெர்மானிய தேசத்து எர்லாங்கன் நகரில் 1789-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளர். முறையான கல்வி பெறாதவராயினும், தம் முயற்சியாலேயே கணிதமும் சாஸ்திரமும் பயின்று, அவற்றைத் தம் புதல்வர்களுக்குத் தாமே போதித்தார். ஜார்ஜ் பத்து வயதுச் சிறுவராயிருக்கையில் தாயார் காலமானார். இளைய சகோதரர் மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதத்தில் பேர் பெற்றவரே. ஜார்ஜ் எர்லாங்கன் சர்வகலாசாலையில் சேர்ந்த புதிதில் நடனத்திலும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும், பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடுவதிலும் காலத்தைப் போக்கினார். அரும்பாடுபட்டுப் படிக்கவைத்த தந்தைக்கு இது பொறுக்கவில்லை. 1806-இல் மகனைப் படிப்பினின்று நிறுத்திச் ஸ்விட்ஸர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டே தாமும் தனியாகப் பயின்ற ஜார்ஜ், 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சொற்ப ஊதியத்தில் ஆசிரியத் தொழிலை நடத்தி, 1817-இல் கொலோன் நகரத்து உயர்தரப் பாடசாலையில் அமர்ந்தார். அங்கே நல்ல பௌதிகச் சாலை ஒன்று இருந்தது. பாடம் முடிந்த வேளைகளில் அவர் ஆராய்ச்சி அங்கே நடைபெற்றது.

ஒரு கம்பியின் நீளம் கூடக்கூட அதனூடே செல்லும் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. 1825-இல் தம் முடிவை வெளியிட்டார். அம்முடிவு பிழையானது. அக்காலத்து மின்கலங்களின் வலிமை, மின்சாரம் எடுக்கத் தொடங்கிய உடனே மாறிக்கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். கம்பியின் இயல்பு என்று எண்ணப்பட்டதில் கலத்தின் குறையும் கலந்திருந்தது. விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான பொக்கண்டோர்ஃப் கூறிய யோசனையை ஏற்று, ஓம் கலத்தையே நீக்கிவிட்டார். பிஸ்மத், செம்பு என்னும் இரு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இவ்விரண்டின் வெப்பமும் மாறாதாகையால் அதிற் பிறக்கும் மின்சக்தியும் மாறாது நின்றது. ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து அளந்தபோது, 1826-இல் உண்மை தெளிவாயிற்று. மின் அழுத்தம் மிகுந்தால் மின்சாரம் அதே விகிதத்தில் மிகும். தடை மிகுந்தால் அதே விகிதத்தில் குறையும். இதுவே ஓம் விதி.

1827-இல் பெர்லின் நகரில் இதனை நூலாக வெளியிட்டார். ஸ்வதேசத்தில் அதற்கு வரவேற்பு இல்லை. சிலர் கடுமையாகக் கண்டித்தனர், பலர் பொருட்படுத்தவேயில்லை. சர்வகலாசாலைப் பதவியை எதிர்பார்த்திருந்த ஓம் மனம் நொந்து, கொலோன் வேலையையும் துறந்து, பெர்லினில் அற்ப வருவாயில் கணிதம் கற்பித்துச் சில வருஷங்கள் கழித்தார். 1833-இல் நூரம்பர்க் தொழிற்கல்லூரியில் இடங் கிடைத்தது. 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டி காப்லி பதக்கம் அளித்தபின்னரே அவர் பெருமை எங்கும் பரவிற்று. இளமை முதல் விரும்பிய சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852-இல் கிட்டிற்று. அதனை அனுபவித்தது இரண்டே வருஷம். 1854-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி காலமானார். 1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மகாநாடு தடையின் அளவுக்கு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டது.

இனி, அவ்விதி இன்று பயன்படுமாற்றை மண்வாரி இயந்திரத்திலேயே பார்ப்போம். குளிர்நீரின் வெப்பத்தை அறிவிக்கும் உணர்கருவியில், பெரும்பாலும், வெப்பம் ஏற ஏறத் தடை குறையும். கம்பி அறுந்தால் தடை அளவற்றதாகும். நீர் உறைபனியினும் குளிர்ந்ததுபோல் கருவி காட்டும். கம்பி இரும்புச் சட்டத்தில் உராய்ந்து ஒட்டிக்கொண்டால் தடை மறையும். நீர் அளவுகடந்து கொதிப்பதாகக் காட்டும். இவ்விரண்டும் எளிதில் அகப்படும் குறைகள். கனெக்டரில் சேறும் ஈரமும் புகுந்து களிம்பு பிடிப்பதே அபாயமானது. களிம்பின் தடை உணர்கருவியின் தடையோடு சேர்ந்துகொள்ள, நீர் கொதிக்குங்காலத்தும் குளிர்ந்திருப்பதாகவே செய்தி போகும். ஓட்டுபவர் ஐயமின்றி வேலையைத் தொடர, எஞ்சின் பாழாகும்.

ஆகையால் தேர்ந்த மெக்கானிக், கருவி காட்டும் எண்ணை உடனே நம்புவதுமில்லை. உணர்கருவியை உடனே கழற்றி எறிவதுமில்லை. நீரின் வெப்பத்தை வேறொரு வெப்பமானியால் அறிந்து, அவ்வெப்பத்திற்கு உரிய தடை உணர்கருவியில் உளதா என்று முதலில் அளப்பார். பின்பு கம்பியையும் கனெக்டரையும் தனித்தனியே அளப்பார். கம்பியை அசைத்துக்கொண்டே மீட்டரின் எண் துள்ளுகிறதா என நோக்குவார். பல இழைகளுள் ஓரிழை மாத்திரம் எஞ்சிய விளக்குக் கம்பியும் மீட்டருக்கு நல்லதாகவே தோன்றும். ஆதலின் மின்சாரம் ஓடும்போதே வழியில் எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்றும் பார்ப்பார். இவையெல்லாம் ஓம் விதியின் பிரயோகங்களே.

பொருளின் குறை வேறு, அப்பொருளைக் குறித்துச் செய்தி தரும் கருவியின் குறை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தமையாலன்றோ ஓம் 1825-இன் பிழையினின்று 1826-இன் உண்மைக்கு வந்தார்! நம் கலாசாலையின் பௌதிகச் சாலையில் எண்களைக் குறித்துக்கொள்ளும் மாணவர் ஒவ்வொருவரும், அவ்வெண்ணை மெய்யென்று ஏற்குமுன், அதனைத் தந்த கம்பியையும் கலத்தையும் ஒருமுறை சோதித்துக்கொள்வாராக.