மகரந்தத்தால் வரலாறு படைத்த தோட்டக்காரர் ஜான் டொமினி

பூக்கடைகளில் சிறு தொட்டியில் விற்பனைக்கு வரும் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். கீழ் இதழ் பை போலக் குழிந்து, செருப்பின் முன்பகுதியைப் போலத் தெரியும். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கலப்பினங்கள். இந்தக் குடும்பத்தில் முதல் கலப்பினத்தைப் பூக்க வைத்தவர் ஜான் டொமினி. பேராசிரியரோ ஆராய்ச்சியாளரோ அல்ல. நர்சரியில் வேலை பார்த்த தோட்டக்காரர்.

நர்சரியே பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1816-ல் பிறந்தார் டொமினி. இளம் வயதிலேயே தோட்ட வேலைக்கு வந்தவர், எக்ஸிடர் நகரில் இருந்த புகழ்பெற்ற வீட்ச் நர்சரியில் சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் வேறிடத்தில் பணியாற்றியதைத் தவிர, தன் உழைப்பின் பெரும் பகுதியை அந்த நிறுவனத்துக்கே கொடுத்தார்.

அது ஆர்க்கிட் மோகம் தலைக்கேறியிருந்த காலம். ஆட்களைக் காடுகளுக்கு அனுப்பி, மூட்டை மூட்டையாகச் செடிகளைப் பிடுங்கிக் கப்பலேற்றினார்கள். மரத்தின் மேல் இருக்கும் செடிக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததும் உண்டு. வழியில் அழுகியவை ஏராளம். புதுச் செடி வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதே அன்றைய நிலை. ஆர்க்கிட்டில் இனக்கலப்பு செய்ய முடியும் என்று அதிகம் பேர் நம்பவில்லை.

மருத்துவர் காட்டிய வழி

எக்ஸிடரில் ஜான் ஹாரிஸ் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். ஆர்க்கிட் பூவில் மகரந்தம் எங்கே இருக்கிறது, சூல்முடி எங்கே இருக்கிறது என்பதை டொமினிக்கு விளக்கி, ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். மற்ற பூக்களைப் போல ஆர்க்கிட்டில் மகரந்தத் தூளும் சூலகமும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே தண்டாக இணைந்திருக்கும். அதைப் புரிந்துகொண்டதும் டொமினி வேலையில் இறங்கினார்.

காய் பிடிப்பது எளிதாக இருந்தது. முளைக்க வைப்பதுதான் பெரும்பாடு. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. நெல்லிலோ உளுந்திலோ இருப்பது போல அதில் சேமித்த உணவு கிடையாது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருந்தாலும், முளைத்துப் பிழைத்தவை கைவிரலுக்குள் அடங்கும். பல முறை எதுவும் மிஞ்சாது. அவருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் அவர் விடவில்லை.

1856-ல் பலன் கிடைத்தது. காலந்தே இனத்தில் மசூகா, ஃபர்காட்டா என்ற இரண்டையும் சேர்த்து அவர் உருவாக்கிய செடி பூத்தது. மனிதர் கையால் உருவாகிப் பூத்த முதல் ஆர்க்கிட் கலப்பினம் அது. அதன் பெற்றோர் இரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்பவை என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. செடியைப் பார்த்த தாவரவியல் அறிஞர் ஜான் லிண்ட்லி, இனித் தாவரவியலாளர்களுக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்ற பொருளில் வியந்தாராம். இயற்கையில் தனித்தனி என்று பிரித்து வைத்த இனங்கள் தொட்டியில் ஒன்றாகிவிட்டால், வகைப்படுத்துபவர் என்ன செய்வார்?

முதல் ஸ்லிப்பர் கலப்பினம்

1864-ல் டொமினி லண்டனின் செல்சியில் இருந்த வீட்ச் நர்சரிக்கு மாறினார். அங்கே 1869-ல் அவருடைய ஸ்லிப்பர் ஆர்க்கிட் கலப்பினம் பூத்தது. பர்மாவின் வில்லோசமும் மலாயாவின் பார்பேட்டமும் அதன் பெற்றோர். பளபளப்பும் ஒயின் நிறமும் கொண்ட அந்தப் பூவுக்கு, வழிகாட்டிய மருத்துவரை நினைவுகூர்ந்து ஹாரிசியானம் என்று பெயரிட்டார்கள். வித்தை கற்றுக்கொடுத்தவர் பெயர் பூவிலேயே நிலைத்துவிட்டது.

டொமினி தன் வாழ்நாளில் உருவாக்கிய ஆர்க்கிட் கலப்பினங்கள் சுமார் 25 மட்டுமே. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அவரிடம் பயின்ற ஜான் செடன், பின்னாளில் நூற்றுக்கணக்கில் உருவாக்கினார். டொமினி 1880-ல் ஓய்வு பெற்று, 1891-ல் காலமானார்.

விதை முளைக்காத மர்மம் அவர் மறைவுக்குப் பிறகே விலகியது. ஆர்க்கிட் விதைக்கு மண்ணிலுள்ள ஒரு பூஞ்சை உணவூட்டுகிறது என்பதை 1899-ல் பிரான்சின் நோயல் பெர்னார்ட் கண்டறிந்தார். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நுட்சன் நிறுவினார். இன்றைய ஆர்க்கிட் ஆய்வகங்கள் அனைத்தும் இந்த வழியில் வந்தவையே.

நமக்கான பாடம்

சிறு தொட்டிக்கு ஏற்ற குட்டை ரகங்களை உருவாக்க நிவியம், பெல்லாட்டுலம், கான்கலர் போன்ற சிறிய இனங்கள் இன்று பெற்றோராகப் பயன்படுகின்றன. கலப்பு செய்யும் முறை டொமினி காலத்தில் இருந்ததேதான். பை போன்ற இதழை வெட்டி நீக்க வேண்டும். தண்டின் இரு பக்கமும் பசை போல ஒட்டியிருக்கும் மகரந்தத்தைப் பல்குச்சியால் எடுத்து, கீழ்நோக்கி இருக்கும் சூல்முடியில் வைக்க வேண்டும். தேதியையும் பெற்றோர் பெயரையும் அட்டையில் எழுதிக் கட்டிவிட வேண்டும். காய் முற்ற மாதங்கள் ஆகும். நாற்று பூக்க ஆண்டுகள் ஆகும்.

இச்செடிக்கு நீரைச் சேமிக்கும் தண்டுக்கிழங்கு கிடையாது. எனவே வேர்ப்பகுதி முழுவதும் காயக் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. மரப்பட்டை, கரித்துண்டு, ஓட்டுச்சில்லு கலந்த ஊடகமும் நல்ல நிழலும் காற்றோட்டமும் போதும். இலைக்குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகல் வரும். புள்ளியிட்ட இலை கொண்ட வகைகள் பொதுவாக வெப்பத்தைத் தாங்கும். வெறும் பச்சை இலை வகைகளுக்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அகத்தியமலைப் பகுதியில் 1865-ல் கண்டறியப்பட்ட ட்ரூரியி என்ற மஞ்சள் ஸ்லிப்பர் ஆர்க்கிட், தென்னிந்தியாவுக்கே உரியது. ஆசைக்காகப் பிடுங்கியே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். இந்தச் செடிகள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வளர்க்கவும் விற்கவும் உரிமம் தேவை என்பதால், வனத்துறையிடம் கேட்டறிந்த பிறகே தொழிலில் இறங்குங்கள். காட்டுச் செடி என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். காட்டைத் தொடாமலே புதுப் பூவை உருவாக்க முடியும் என்பதை 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தோட்டக்காரர் செய்து காட்டிவிட்டார்.