எண்ணெய்க் கம்பனிகளோடு மோதிய எழுதுவினைஞர்

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் சீனக்குடாவைத் தாண்டியே போகிறோம். அங்கே காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் எமது மீனவர்களின் தோணிகள் கரையில் கிடந்த நாட்களில், எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்த மனிதர் ரி.பி. இலங்கரத்ன.

1913இல் கண்டிப் பகுதியில் பிறந்தவர். அரசாங்க எழுதுவினைஞராக வாழ்க்கையைத் தொடங்கி, தொழிற்சங்கத் தலைவராகி, 1947 வேலைநிறுத்தத்தால் தொழிலை இழந்தார். பின்னர் அரசியலுக்கு வந்தார். சிங்களச் சிறுவர்கள் இன்றும் விரும்பிப் படிக்கும் ‘அம்ப யஹளுவோ’ அவர் எழுதிய நாவல். 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது தொழில் அமைச்சர் அவரே. தனியார் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்தான்.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் அவர் வர்த்தக அமைச்சரானார். அப்போது நாட்டின் எரிபொருள் முழுவதும் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பனிகளின் கையில் இருந்தது. விலையை அவர்களே தீர்மானித்தார்கள். அந்நியச் செலாவணி குறைந்துகொண்டிருந்த நேரம் அது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கான சட்டத்தை இலங்கரத்ன கொண்டுவந்தார். சோவியத் யூனியன், எகிப்து, ருமேனியா ஆகிய நாடுகளிடமிருந்து மலிவாக எண்ணெய் வாங்கப்பட்டது. 1962இல் கம்பனிகளின் சொத்துகளில் ஒரு பகுதி சுவீகரிக்கப்பட்டது.

நஷ்டஈடு பற்றிய பிணக்கு தீராத நிலையில், 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1964 தொடக்கத்தில் எரிபொருள் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் நஷ்டஈட்டுக்கு இணங்கிய பின்னரே அமெரிக்க உதவி திரும்பியது.

எண்ணெய்க்காகப் பிறரை நம்பியிருக்கும் நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை அதனால் வளைகிறதா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையே போதும். ஒரே கடையில் கடன் வைத்திருப்பவன் கடைக்காரனோடு அளந்துதான் பேசுவான். இலங்கரத்ன செய்தது வேறு கடைகளையும் தேடியது. அதற்கும் ஒரு விலை இருந்தது.

எல்லாவற்றுக்கும் எண்ணெயே காரணம் என்றும் சொல்லமாட்டேன். அவர் மீண்டும் அமைச்சராக இருந்த அரசாங்கம் 1970இல் இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியது. அரபு நாடுகள் எண்ணெயை வலுவான ஆயுதமாக்கியது 1973இல்தான். நீதிக்காகவும் ஒரு சிறிய நாடு முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

குறையையும் சொல்லவேண்டும். கம்பனிகளின் பிடி போனதும் தங்கியிருத்தல் போய்விடவில்லை. 1969இல் திறந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரான் எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012இல் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் இறுகியபோது அது தடுமாறியது. கூட்டுத்தாபனமும் பிற்காலத்தில் பெரும் நஷ்டத்தில் மூழ்கியது. பொதுச்சொத்தாக்கினால் மட்டும் போதாது, நேர்மையான நிர்வாகமும் வேண்டும்.

இலங்கரத்ன 1992இல் காலமானார். அதற்கு முன்பே, 1987 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் எமது தாங்கிகள் இடம்பிடித்துவிட்டன. 2003இல் அவை இந்தியக் கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையோடு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

முதலீடு வரட்டும், தாங்கிகள் துருப்பிடித்துக் கிடப்பதில் யாருக்கும் இலாபமில்லை. ஆனால் விலையை யார் தீர்மானிப்பது, அவசரகாலத்தில் முதல் லீற்றர் யாருக்கு என்பவற்றை இன்றே கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். அவற்றைக் கேட்க ஒரு காலத்தில் ஓர் எழுதுவினைஞர் இருந்தார். இன்று கேட்கவேண்டியவர்கள் இந்த மாவட்டத்தின் பிரதிநிதிகளும், அவர்களுக்கு வாக்களித்த நாமும்தான்.